விளம்பரம் கொடுப்பவர் கேட்டால் செய்தியை நிறுத்தலாமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வர்த் பகுதியில் எங்கள் தமிழ்ச் சங்கம் மாதப் பத்திரிகை ஒன்று நடத்துகிறது. பாதி தமிழ், பாதி ஆங்கிலம். கடைசிப் பக்கம் முழுவதும் எப்போதும் ஒரே பர்னிச்சர் கடையின் விளம்பரம்தான். அந்தக் கடையில் மாதாமாதம் பணம் கட்டி வாங்கிய பிரிட்ஜ் பழையது, மாற்றித் தர மறுக்கிறார்கள் என்று ஒரு அம்மா எங்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். இது கடைக்காரர் காதுக்குப் போய்விட்டது. "அதைப் போடாதீர்கள், வேண்டுமானால் எங்கள் கடையின் வரலாற்றைப் பற்றி ஒரு கட்டுரை போடுங்கள்" என்கிறார். "நம்ம ஆள்தானே, விடு" என்கிறார் சங்கத் தலைவர். ஆசிரியர் சுதந்திரம் என்று பெரிய பத்திரிகைகள் பேசுவதெல்லாம் எங்களைப் போன்றவர்களுக்குப் பொருந்துமா?

பொருந்தும், தம்பி. உங்களுக்குத்தான் அது அதிகமாகப் பொருந்தும். பெரிய பத்திரிகையில் ஒரு விளம்பரதாரர் கோபித்துக்கொண்டு போனால் இன்னொருவர் வருவார். உங்களிடம் கடைசிப் பக்கம் காலியானால் அச்சுக்கூலி கொடுக்கப் பணம் இருக்காது. கேட்கிறவரும் யாரோ ஒருவர் இல்லை, கல்யாணத்தில் பக்கத்து இலையில் உட்காருகிறவர். அதனால் இதை நிதானமாகவே பேசுவோம்.

நம் கோயில்களில் அன்னதானம் நடக்கும் நாளில் வாசலில் ஒரு பலகை இருக்கும். இன்றைய உபயம் இன்னார் குடும்பம் என்று எழுதியிருப்பார்கள். சாப்பிட வந்த எல்லோருக்கும் அது யார் பணம் என்று தெரியும். அதற்காக அந்த உபயக்காரர் குருக்களிடம் போய், "அந்த ஆளுக்கு மட்டும் திருநீறு கொடுக்காதீர்கள்" என்று சொல்ல முடியாது. சொன்னால் கூட்டமே திரும்பிப் பார்க்கும். விளம்பரத்துக்கும் செய்திக்கும் நடுவில் இருக்க வேண்டிய ஏற்பாடும் இதேதான். பணம் யாருடையது என்று எல்லோருக்கும் தெரிய வேண்டும், பணம் கொடுத்தவர் பூஜையில் கை வைக்கக் கூடாது. உங்கள் கடைக்காரர் இரண்டையும் மீறச் சொல்கிறார். கடிதத்தை நிறுத்தச் சொல்வது பூஜையில் கை வைப்பது. கட்டுரை கேட்பது, உபயப் பலகையை எடுத்துவிட்டு அன்னதானம் போடச் சொல்வது.

டர்பனில் ஒரு வாரப் பத்திரிகையில் 22 வருடம் சப் எடிட்டராக இருந்தேன். வெளியில் இருப்பவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாத ஒரு விஷயம், பக்கம் போடும்போது முதலில் உட்காருவது விளம்பரம்தான். எந்தப் பக்கத்தில் எத்தனை கட்டம் போய்விட்டது என்று விளம்பரப் பிரிவு குறித்து அனுப்பும். மீதி இருக்கும் இடம்தான் செய்திக்கு. விளம்பரம் குறைந்த வாரம் பக்கமும் குறையும். ஆக, செய்திக்கு எவ்வளவு இடம் என்பதைப் பணம்தான் முடிவு செய்கிறது. அதில் எனக்கு வருத்தம் இல்லை, காகிதம் சும்மா வருவதில்லை. ஆனால் அந்த மீதி இடத்துக்குள் எது போகும், எது போகாது, எந்தத் தலைப்பில் போகும் என்பதை விளம்பரம் விற்றவர் தொடக் கூடாது. நான் சேர்ந்த புதிதில் எங்கள் ஆபீசில் இது கறாராகவே இருந்தது. விளம்பரப் பிரிவு ஆள் செய்தி மேஜைப் பக்கம் வந்து நின்றால் ஆசிரியர் எழுந்து நின்று, "என்ன வேண்டும்?" என்று கேட்பார்.

அப்புறம் அது தளர்ந்தது. எப்படித் தளர்ந்தது என்று சொல்கிறேன், உங்கள் தலைவருக்கும் இதைக் காட்டுங்கள். தொண்ணூறுகளில், பள்ளி இறுதித் தேர்வான மெட்ரிக்கின் முடிவு வரும் ஜனவரி மாதத்தில், ஒரு தனியார் கம்ப்யூட்டர் கல்லூரி வாராவாரம் எங்களுக்கு அரைப் பக்கம் விளம்பரம் கொடுத்தது. அதில் படித்த பிள்ளைகள் நாலைந்து பேர் சான்றிதழோடு எங்கள் ஆபீசுக்கு வந்தார்கள். அந்தச் சான்றிதழை எந்தக் கம்பெனியும் மதிக்கவில்லை. ஒரு பையனின் அப்பா சர்க்கரை ஆலையில் வேலை செய்து சேர்த்த பணம் அதில் போயிருந்தது. எங்கள் நிருபர் விசாரித்து எழுதிக்கொடுத்தார். நல்ல செய்தி. நான்தான் திருத்தினேன். "இந்த வாரம் இடமில்லை, அடுத்த வாரம் பார்க்கலாம்" என்றார்கள். அடுத்த வாரமும் அதையே சொன்னார்கள். யாரும் அந்தச் செய்தியைக் கொல்லவில்லை. அது மேஜையிலேயே கிடந்தது. மார்ச் மாதம் நிருபரே அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார். அடுத்த ஜனவரியில் அதே கல்லூரியின் அரைப் பக்கம் மறுபடியும் வந்தது. இன்னும் பல வீட்டுப் பிள்ளைகள் போய்ச் சேர்ந்திருப்பார்கள். அந்த விளம்பரத்துக்குப் பக்கத்திலேயே செய்தி வந்திருந்தால் அவர்களில் எத்தனை பேர் தப்பித்திருப்பார்கள் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

இதில் எனக்கு அதிக வேதனை தருவது அந்த ஒரு செய்தி நின்றதுகூட இல்லை. அதற்கப்புறம் எங்களில் யாரும் எந்தக் கல்லூரியைப் பற்றியும் எழுதவில்லை. யாரும் எங்களைத் தடுக்கவில்லை, நாங்களாகவே எழுதாமல் விட்டோம். வாசகர் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. தவறான செய்தி வந்தால் மறுப்புக் கடிதம் எழுதலாம், வராத செய்திக்கு யார் கடிதம் எழுதுவார்?

லண்டன் டெலிகிராப் பத்திரிகையின் அரசியல் எழுத்தாளர் பீட்டர் ஓபோர்ன் 2015 பிப்ரவரியில் வேலையை விட்டதும் இப்படிப்பட்ட ஒன்றுக்காகத்தான். ஹெச்எஸ்பிசி வங்கியின் சுவிஸ் கிளை வரி ஏய்ப்புக்கு உதவியது பற்றி மற்றப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதியபோது, டெலிகிராப் அதை மிகவும் அடக்கி வாசித்தது என்றும், வங்கியின் விளம்பரம்தான் காரணம் என்றும், இது வாசகர்களுக்குச் செய்யும் மோசடி என்றும் அவர் வெளிப்படையாக எழுதினார். பத்திரிகை அதை மறுத்தது. யார் சொன்னது சரி என்ற வாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். வந்த செய்தியைப் பற்றி இல்லாமல், வராத செய்திக்காக ஒருவர் வேலையை விட்டார் என்பதை மட்டும் கவனியுங்கள்.

"சரி, அப்படியானால் விளம்பரமே வேண்டாம் என்று இருந்துவிடலாமா?" என்று நீங்கள் கேட்கலாம். நம் ஊரிலேயே அதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். 1903 ஜூனில் டர்பனில் தொடங்கிய இந்தியன் ஒப்பீனியன் முதலில் ஆங்கிலம், குஜராத்தி, தமிழ், இந்தி என்று நான்கு மொழிகளில் வந்தது. தமிழும் இந்தியும் 1906-இல் நின்றுபோயின. நம் தாத்தாக்களுக்கு அது பெரிய இழப்பு. ஆரம்பத்தில் அதில் டர்பன் கடைகளின் விளம்பரங்கள் நிறைய இருந்தன. 1912-இல், அதை நடத்திவந்த காந்தி விளம்பரத்தை அடியோடு நிறுத்திவிட்டார். அதற்கு அவர் பிற்பாடு எழுதிய காரணத்தைப் படித்தால் உங்கள் கடைசிப் பக்கம்தான் நினைவுக்கு வரும். சில விளம்பரங்களைப் போட மனம் இருக்காதாம், ஆனால் கொடுப்பவர் சமூகத்தில் பெரிய மனிதர், அவர் மனம் நோகுமே என்று போட வேண்டிவருமாம். விளம்பரம் பிடிக்கவும் பாக்கியை வசூலிக்கவும் நல்ல ஊழியர்களை அனுப்ப வேண்டியிருந்தது, போகிற இடத்தில் முகஸ்துதியும் செய்ய வேண்டியிருந்தது. நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் நிலைமை அப்படியேதான் இருக்கிறது.

ஆனால் அந்த வழியை உங்களுக்கு நான் சொல்ல மாட்டேன். இந்தியன் ஒப்பீனியனுக்கு விளம்பரம் இல்லாத குறையைப் பெரும்பாலும் காந்தியின் சொந்தப் பணமும் நன்கொடையும் இயக்கத்தின் பலமும் ஈடுகட்டின. ஒரு கட்டத்தில் மாதம் 75 பவுண்டு தன் கையிலிருந்து அனுப்ப வேண்டியிருந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். விளம்பரதாரரை விட்டு நன்கொடையாளரைப் பிடித்தால், அங்கேயும் ஒருவரைச் சார்ந்துதான் இருக்கிறோம். அந்தப் பத்திரிகை ஓர் இயக்கத்தின் குரல், அதை யாரும் மறைக்கவும் இல்லை. அதே டர்பனில் பி.எஸ். ஐயர் 1908-இல் ஆப்பிரிக்கன் கிரானிக்கிள் என்ற பத்திரிகையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தொடங்கினார். ஒப்பந்தக் காலம் முடிந்த கூலிகள் மீது விதித்த 3 பவுண்டு வரியை எதிர்த்துத் தொடர்ந்து எழுதினார், காந்தியையும் விடாமல் விமர்சித்தார். ஒரே ஊரில் இரண்டு குரல்கள் இருந்ததால்தான் மக்களுக்கு ஒன்றை வைத்து மற்றொன்றைச் சோதிக்க முடிந்தது. பணம் வரும் வழி பலவாக இருப்பதும் அப்படித்தான். ஒன்று கெட்டால் இன்னொன்று தாங்கும்.

விளம்பரதாரர் ஒரு பத்திரிகையின் எழுத்தைத் தொடாமலேயே அதை மூடவைக்க முடியும் என்பதற்கும் இந்த நாட்டில் உதாரணம் இருக்கிறது. ஜோகன்னஸ்பர்க்கின் ராண்ட் டெய்லி மெயில் 1902-இல் தொடங்கியது. சிறைகளில் கறுப்பின மக்கள் பட்ட பாட்டை 1965-இல் வெளியிட்டு, ஆசிரியர் லாரன்ஸ் காண்டாரும் நிருபர் பெஞ்சமின் போக்ரண்டும் வழக்கைச் சந்தித்தார்கள். எழுபதுகளின் கடைசியில் வந்த தகவல் துறை ஊழலை வெளியே கொண்டுவந்ததிலும் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அந்த ஊழலின் ஒரு பகுதியாக, தி சிட்டிசன் என்று ஒரு நாளிதழை 1976-இல் அரசாங்கமே மறைமுகமாக மக்கள் வரிப்பணத்தைக் கொட்டித் தொடங்கியிருந்தது. உபயம் யார் என்று வாசகருக்குச் சொல்லவே இல்லை. அந்த விவகாரத்தில் ஜனாதிபதி பதவியில் இருந்த போர்ஸ்டரே 1979-இல் விலக வேண்டியதாயிற்று. இப்படி நெஞ்சை நிமிர்த்தி நின்ற ராண்ட் டெய்லி மெயில் 1985 ஏப்ரல் 30-ஆம் தேதி மூடப்பட்டது. வாசகர்கள் இல்லாமல் இல்லை, ஏராளமாக இருந்தார்கள். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். விளம்பரம் கொடுத்த கம்பெனிகளோ வசதியான வெள்ளையர் வீடுகளைத் தேடின. ஆசிரியர் பிரிவைச் சுற்றி எவ்வளவு உயரமாகச் சுவர் கட்டினாலும், பணம் ஒரே வாசல் வழியாக வந்தால் அந்த வாசலை மூடினால் போதும். எனக்கு இது இன்றும் ஆறாத விஷயம்.

அடுத்தது அரசாங்க விளம்பரம். நகராட்சி அறிவிப்பு, டெண்டர், சுகாதார விளம்பரம் என்று சின்னப் பத்திரிகைகளுக்கு வரும் இந்தப் பணத்தை யாரும் சந்தேகமாகப் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டும். அப்போதைய ஜனாதிபதி ஜுமாவுக்கு நெருக்கமான தொழிலதிபர்களான குப்தா குடும்பம் 2010 டிசம்பரில் தி நியூ ஏஜ் நாளிதழைத் தொடங்கியபோது, அரசாங்கத் தகவல் துறையின் தலைவராக இருந்தவர் தெம்பா மசேகோ. வருடத்துக்கு 60 கோடி ராண்ட் அளவுள்ள அரசு விளம்பரத்தைத் தங்கள் பக்கம் திருப்பச் சொன்னார்கள் என்று அவர் பிற்பாடு, அரசு ஊழலை விசாரித்த சோண்டோ ஆணையத்தின் முன் சாட்சி சொன்னார். அவர் மறுத்துவிட்டார். 2011 தொடக்கத்தில் பதவியிலிருந்து மாற்றப்பட்டார். அவருடைய இடத்துக்கு வந்தவர் ஜிம்மி மான்யி. அந்தப் பத்திரிகை தன் விற்பனை எண்ணிக்கையைத் தணிக்கைக்கே கொடுக்கவில்லை. அப்படியிருந்தும் பொதுத்துறை நிறுவனங்களின் பணம் போய்க்கொண்டே இருந்தது. அரசு மின்வாரியமான எஸ்கம் மட்டும் அந்தப் பத்திரிகை நடத்திய காலை விருந்துக் கூட்டங்களுக்கு 4.3 கோடி ராண்டுக்கு ஒப்பந்தம் போட்டது. வீட்டில் மின்வெட்டு, விருந்துக்கு மின்வாரியத்தின் பணம். 2017-இல் குப்தாக்கள் பத்திரிகையை விற்றபோது வாங்கியவரும் அதே மான்யிதான். அடுத்த வருடமே அது மூடப்பட்டது. சாதாரண வாசகர் இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஒரு பத்திரிகையில் அரசு விளம்பரம் நிறைய, அதை வாங்குவோர் எத்தனை பேர் என்ற கணக்கு எங்கேயும் இல்லை என்றால், அந்தப் பணம் எதற்கு வருகிறது என்று கேட்க வேண்டும்.

இந்த நாட்டுப் பிரஸ் கவுன்சிலின் நெறிமுறையில் நமக்கு வேண்டியது எல்லாம் இருக்கிறது. வியாபாரம், அரசியல், சொந்த விருப்பு எதுவும் செய்தியைப் பாதிக்கக் கூடாது. செய்தி சேகரிக்க வெளியார் பணம் கொடுத்திருந்தால் அதைச் சொல்ல வேண்டும். விளம்பரமும் ஆசிரியர் பகுதியும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். யாரையாவது குறைசொல்லி எழுதினால் அவருடைய விளக்கத்தைக் கேட்க வேண்டும். உங்கள் சங்கம் அதில் உறுப்பினராக இல்லாவிட்டாலும் இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி ஆபீஸ் சுவரில் ஒட்ட யாரும் தடை சொல்லப் போவதில்லை.

கடைசியாகச் சொன்ன அந்த விளக்கம் கேட்கும் கடமையை உங்களைப் போன்ற இளைஞர்கள் மறந்துவிடுவதுண்டு, அதனால் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். விளம்பரதாரருக்குப் பயப்படவில்லை என்று காட்டுவதற்காகவே அவரைத் தாக்கினால், அப்போதும் முடிவை எடுக்கவைத்தது அவர்தான். வேறொரு கடையைப் பற்றி இதே கடிதம் வந்திருந்தால் என்ன செய்திருப்பீர்களோ, அதையே செய்யுங்கள். கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்.

நம் சமூகப் பத்திரிகைகளில் இன்னொரு மெல்லிய இடம் இருக்கிறது, மரணச் செய்தி. பணம் கட்டிப் போடும் அறிவிப்பு தனி, பத்திரிகையே எழுதும் அஞ்சலி தனி. நடைமுறையில் இரண்டும் குழம்பிவிடும். வருடம் முழுக்க விளம்பரம் கொடுத்த குடும்பத்தில் ஒருவர் போனால் முதல் பக்கத்தில் படத்தோடு அஞ்சலி வரும். 40 வருடம் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குச் சம்பளம் வாங்காமல் தமிழ் சொல்லிக்கொடுத்த டீச்சர் போனால், குடும்பம் பணம் கட்டினால்தான் ஒரு சின்னக் கட்டம். கோயிலில் முதல் மரியாதை கிடைத்துப் பழகியவர்கள் பத்திரிகையிலும் அதை எதிர்பார்க்கிறார்கள், நாமும் கொடுத்துப் பழகிவிட்டோம். இதை யாரும் லஞ்சம் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் இந்த ஊரில் யார் முக்கியம் என்பதைப் பணம் எழுதிக்கொடுக்கிறது, நாம் அச்சடிக்கிறோம். உங்கள் பத்திரிகை முதலில் இதைச் சரிசெய்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி. இதற்குச் செலவும் கிடையாது.

சரி, இப்போது உங்கள் வேலைக்கு வருவோம். பத்திரிகை நடத்துவது மூன்று நான்கு பேர்தான் என்று நினைக்கிறேன். உங்களால் தனித்தனி மாடி கட்ட முடியாது, ஆளைப் பிரிக்க முடியும். விளம்பரப் பணம் வாங்குகிறவர் ஒருவர், எது போகும் என்று முடிவு செய்கிறவர் இன்னொருவர். சங்கத் தலைவர் விளம்பரம் பிடித்துக்கொடுக்கட்டும், நல்லது. ஆனால் அச்சுக்குப் போகும் முன் பக்கங்களைப் பார்க்கும் உரிமை அவருக்கு வேண்டாம். இதைச் சங்கக் கூட்டத்தில் தீர்மானமாக எழுதிவையுங்கள். வாய்ப்பேச்சாக வைத்தால் முதல் சங்கடத்திலேயே உடைந்துவிடும். விளம்பரக் கட்டணத் தாளின் அடியிலும் ஒரு வரி சேருங்கள்: இந்தக் கட்டணம் விளம்பர இடத்துக்கு மட்டுமே, செய்திகளை ஆசிரியர் முடிவு செய்வார். அந்த வரி உங்களைக் காப்பாற்றும். கடைக்காரர் கேட்கும்போது "எனக்கு ஆசைதான் அண்ணே, ஆனால் தாளில் போட்டிருக்கிறதே" என்று முகம் கோணாமல் சொல்லலாம். உறவுக்காரர்கள் நிறைந்த ஊரில் இது பெரிய உதவி.

ஒரே விளம்பரதாரரிடமிருந்து வரும் பணம் மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால் எச்சரிக்கையாக இருங்கள். இது என் சொந்தக் கணக்கு, 22 வருடம் பார்த்ததில் வந்தது. கடைசிப் பக்கத்தை நான்காக வெட்டி நான்கு கடைகளுக்கு விற்பது சிரமம்தான், கால் வலிக்க நடக்க வேண்டும். மளிகைக் கடை, தையல் கடை, கார் மெக்கானிக், காவடிக் காலத்தில் பூக்கடை என்று சின்னதாகப் பத்துப் பேர் இருந்தால் ஒருவர் போனாலும் அச்சு நிற்காது. வருடச் சந்தாவையும் கூச்சப்படாமல் கேளுங்கள். இலவசமாக வீட்டு வாசலில் விழும் பத்திரிகை என்றால் அது வாசகருக்கு எதுவும் கடமைப்பட்டதில்லை என்று நம் ஆட்களே நினைத்துவிடுகிறார்கள். பணம் கொடுத்தவர் "என் பத்திரிகை" என்று கேள்வி கேட்பார். அந்தக் கேள்வி உங்களுக்கு வேண்டும்.

கடையின் வரலாற்றுக் கட்டுரையைப் பொறுத்தவரை, அவர் பணம் கொடுத்துப் போட விரும்பினால் போடலாம், தவறே இல்லை. ஆனால் மேலே "விளம்பரம்" என்று பெரிதாக, சுற்றிக் கட்டம் கட்டி, உங்கள் செய்தி எழுத்திலிருந்து வேறான எழுத்தில் வர வேண்டும். தமிழ்ப் பக்கத்தில் தமிழிலும் ஆங்கிலப் பக்கத்தில் ஆங்கிலத்திலும் அந்தச் சொல் இருக்க வேண்டும். தமிழ்ப் பக்கத்தில் மூலையில் பொடி எழுத்தில் ஆங்கிலச் சொல்லைப் போட்டால் உங்கள் ஆயாவுக்கு அது தெரியாது, அவர் செய்தி என்றே நம்புவார். உங்கள் நிருபர் பெயரும் அதில் வரக் கூடாது.

தவறிப்போய் ஏதாவது நடந்துவிட்டால் மறைக்காதீர்கள். 1999-இல் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ், ஸ்டேபிள்ஸ் சென்டர் என்ற விளையாட்டரங்கத்தைப் பற்றி ஒரு சிறப்பிதழ் போட்டு, அதன் விளம்பர லாபத்தை அந்த அரங்கத்தோடேயே பங்கு போட்டுக்கொண்டது. எழுதிய நிருபர்களுக்கே அது தெரியாது. விஷயம் வெளியே வந்தபோது 300-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் கையெழுத்துப் போட்டு விளக்கம் கேட்டார்கள். அந்தப் பத்திரிகை அதன் பிறகு செய்தது எனக்குப் பிடிக்கும். தன் சொந்த ஊழியரான டேவிட் ஷாவையே விசாரித்து எழுதவைத்து, நடந்ததைப் பல பக்கங்களுக்குத் தன் வாசகர்களிடமே சொன்னது. உங்களுக்கு அத்தனை பக்கம் தேவைப்படாது, நான்கு வரி போதும்.

கடிதத்துக்கு வருகிறேன். 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்து, பழுது பார்ப்பதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்பித் தருவதா என்று வாங்கியவரே தேர்ந்தெடுக்கலாம். இதை அந்தக் கடிதத்தோடு ஒரு சின்னப் பெட்டிச் செய்தியாகப் போடுங்கள், மற்றவர்களுக்கும் பயன்படும். ஆனால் சட்டத்தை மட்டும் போட்டுவிட்டுக் கடிதத்தை விட்டுவிடுவது தப்பிக்கும் வழி, அதைச் செய்யாதீர்கள். கடைக்காரருக்கு எழுத்தில் கேள்வி அனுப்புங்கள், பதில் தர ஒரு வாரம் கொடுங்கள், வரும் பதிலைக் கடிதத்துக்குக் கீழேயே முழுசாகப் போடுங்கள். அதற்குள் அவர் பிரிட்ஜை மாற்றிக் கொடுத்துவிட்டால் அதையும் சேர்த்து எழுதுங்கள். விளம்பரத்தை நிறுத்துவேன் என்று சொன்னால், "அது உங்கள் இஷ்டம் அண்ணே, இடம் உங்களுக்காக அடுத்த மாதமும் இருக்கும்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். ஆனால் அவரிடம் போவதற்கு முன்னால் இன்றே அந்த அம்மாவைப் பார்த்து, கட்டிய பணத்துக்கு ரசீதும், பிரிட்ஜ் வீட்டுக்கு வந்த அன்று கையெழுத்துப் போட்ட டெலிவரி தாளும் இருக்கிறதா என்று கேட்டு, படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.